வீட்டைக் காக்க எந்த நாய்?

"நல்ல காவல் நாய் ஒன்று வேண்டும். எந்த இனம் வாங்கலாம்?" என்று கேட்பவர்கள் பெரும்பாலும் தம் மனத்தில் ஓர் உருவத்தை முன்பே வரைந்துகொண்டு விடுகிறார்கள். அகன்ற மார்பு, கறுத்த முகம், இடி போன்ற குரல், ஒரு மனிதனுக்கு ஈடான எடை. நாய் பெருக்கப் பெருக்கக் காவலும் பெருகும் என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு எந்த அளவுக்குச் சரி என்பதைச் சற்று ஆராய்வோம்.

காவல் என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு வேலைகளைக் குறிக்கிறோம். அயலார் வருகையைக் குரைத்து அறிவிப்பது ஒன்று. எல்லைக்குள் நுழைபவரைத் தடுத்து நிறுத்துவது மற்றொன்று. உரிமையாளருடன் சென்று, அவரைத் தாக்க வருபவனைக் கட்டளை பெற்றதும் பற்றி, கட்டளை பெற்றதும் விட்டுவிடுவது மூன்றாவது. முதல் வேலைக்குப் பெரிய உடல் தேவையே இல்லை. மனிதனின் காது நொடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரையுள்ள ஒலியைத்தான் உணரும். நாயின் காது ஏறத்தாழ 45,000 வரை உணரும். இத்திறன் நம் தெருவில் படுத்திருக்கும் நாட்டு நாய்க்கும் உண்டு. இரவில் வருபவன் கடிக்கு அஞ்சுவதற்கு முன் ஓசைக்கு அஞ்சுகிறான் என்பதை எண்ணிப் பார்த்தால், பல வீடுகளின் தேவை இதோடு முடிந்துவிடும். மற்ற இரு வேலைகளுக்குத்தான் பெரிய இனங்களைத் தேடிப் போகிறார்கள்.

இந்த இனங்களின் இயல்பு அவற்றின் பிறப்பு வரலாற்றில் இருக்கிறது. நம் நாட்டில் அல்சேஷன் என்று வழங்கப்படும் ஜெர்மன் ஷெப்பர்டை எடுத்துக்கொள்ளுங்கள். மாக்ஸ் ஃபான் ஸ்டெஃபானிட்ஸ் என்ற ஜெர்மானியக் குதிரைப்படை அதிகாரி 1899ஆம் ஆண்டில் ஹோராண்ட் என்ற மேய்ப்பு நாயை வாங்கி, அதையே மூலமாகக் கொண்டு இந்த இனத்தை வகுத்தார். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டனில் 'ஜெர்மன்' என்ற சொல்லே கசந்ததால்தான் அல்சேஷன் என்ற பெயர் வந்தது. வேலி இல்லாத வயல்களுக்கிடையே மந்தையை நாள் முழுதும் நகர்த்திச் செல்வது அதன் தொழில். மேய்ப்பனின் சைகையை ஓயாமல் கவனிக்க வேண்டும். ஆட்டைப் பற்றினாலும் காயப்படுத்தக் கூடாது. ஆகவே பிறர் சொல்லைக் கேட்கும் பண்பு அதன் பரம்பரையிலேயே ஊறியது. ஆண் நாயின் எடை 30 முதல் 40 கிலோதான். போலீஸ் துறையினர் உலகெங்கும் இதை நாடியதற்குக் காரணம் பருமன் அன்று, இந்தக் கவனமே.

டாபர்மனின் கதை வேறு. ஜெர்மனியில் ஆப்போல்டா என்னும் ஊரில் வரி வசூலித்து வந்த லூயி டாபர்மன், தெரு நாய்களைப் பிடித்து அடைக்கும் பட்டியையும் நிர்வகித்து வந்தார். பணப்பையோடு நடப்பவருக்குத் துணை தேவைப்பட்டது. வரி கேட்க வருபவரை யார் வரவேற்கிறார்கள்! பட்டியில் பல வகை நாய்கள் இருந்ததால் கலந்து பார்க்க வாய்ப்பும் அவருக்கு இருந்தது. தொடக்கத்திலிருந்தே மனிதருக்கு மெய்க்காவலாக உருவாக்கப்பட்ட இனம் இது. 40 முதல் 45 கிலோ எடை, மெலிந்த உடல், மின்னல் வேகம், எதற்கும் உடனே கிளர்ந்தெழும் நரம்பு. அனுபவம் உள்ளவர் கையில் இது அருமையான நாய். இல்லாதவர் கையில் ஓயாத கவலை.

ராட்வீலர், ராட்வைல் நகரத்துக் கசாப்புக்காரர்களின் நாய். சந்தைக்கு மாடுகளை ஓட்டிச் செல்வதும், சிறு வண்டி இழுப்பதும் அதன் வேலைகள். ரயில் வந்து மாடுகள் பெட்டியில் ஏறத் தொடங்கியதும் வேலை இழந்து, ஏறக்குறைய மறைந்தே போயிற்று. 1910ஆம் ஆண்டில் போலீஸ் நாயாக ஏற்கப்பட்டபோது அதற்கு மறுவாழ்வு கிடைத்தது. எடை 50 முதல் 60 கிலோ. முரட்டு மாட்டை எதிர்த்து நின்ற நாய் எளிதில் பின்வாங்காது. அது முன்னறிவிப்பாகக் குரைப்பதும் குறைவு. ஆகவே தவறு நேர்ந்தால் அந்தத் தவறு பெரிதாக இருக்கும். 2024 மே மாதத்தில் சென்னைப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வீலர்கள் கடித்துக் குதறிய செய்தியை நீங்கள் படித்திருக்கலாம். அதே ஆண்டு மார்ச்சில் ராட்வீலர் உள்ளிட்ட 23 இனங்களைத் தடை செய்யுமாறு மத்திய அரசு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ஏப்ரலில் கர்நாடக உயர்நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. விதிகள் ஊருக்கு ஊர் மாறுவதால், குட்டி வாங்குமுன் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

புல்மாஸ்டிஃபை மட்டும் இவற்றோடு சேர்த்துச் சொல்லிவிடலாம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய பண்ணைகளில் திருட்டு வேட்டைக்காரர்களைப் பிடிக்க உருவாக்கப்பட்டது இது. இருளில் ஓசையின்றிப் பாய்ந்து ஆளைக் கீழே தள்ளி, கடிக்காமல் அமுக்கி வைத்திருக்க வேண்டும் என்பதே காவலர்களின் எதிர்பார்ப்பு. பருமன் உண்மையிலேயே பயன்பட்ட வேலை அது ஒன்றுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஏனெனில் மூன்றாவது வகைக் காவலில் இன்று முன்னணியில் நிற்கும் பெல்ஜியன் மாலினுவா, மேலே கூறிய எல்லா இனங்களையும்விடச் சிறியது. ஆண் நாயே சுமார் 30 கிலோதான். பல நாடுகளின் படைகளில் அது அல்சேஷனின் இடத்தைப் பிடித்துவிட்டது. நம் மத்திய ரிசர்வ் போலீஸ் படையிலும் இருக்கிறது. நீண்ட நேரம் சளைக்காமல் ஓடும், சுவர் தாண்டும், ஒருவர் தூக்கிச் செல்லவும் முடியும். ஆனால் அதற்கு நாள்தோறும் வேலை வேண்டும். அலுவலகம் போய் வருபவர் வீட்டில் கட்டிப்போட்டால், சோபாவையும் செருப்பையும் மட்டுமன்றித் தன் வாலையே கடிக்கத் தொடங்கிவிடும்.

இனத்தின் பெயர் இவ்வளவு சொல்லுகிறது. ஆனால் எல்லாவற்றையும் சொல்லுவதில்லை. 2022ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர்கள் 18,000க்கு மேற்பட்ட நாய்களின் நடத்தை விவரங்களையும், அவற்றுள் 2,000க்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் ஒப்பிட்டனர். தனித்தனி நாய்களுக்கிடையே காணும் நடத்தை வேறுபாட்டில் சுமார் 9 விழுக்காடு மட்டுமே இனத்தால் விளக்கப்பட்டது. கட்டளைக்குப் பணியும் பண்பில் இனத்தின் பங்கு கூடுதலாகவும், எளிதில் சீற்றம் கொள்ளும் பண்பில் மிகக் குறைவாகவும் இருந்தது. அதாவது, ஓர் அல்சேஷன் குட்டி வாங்கினால் அது சொல் கேட்கும் என்று ஓரளவு நம்பலாம். அது சாந்தமாக இருக்குமா என்பதை இனத்தை வைத்துச் சொல்ல முடியாது.

பின் எதை வைத்துச் சொல்வது? தாய் தந்தை நாய்களை நேரில் காணுங்கள். அடுத்தது வளர்ப்பு. பிறந்த 3ஆம் வாரத்திலிருந்து ஏறக்குறைய 14ஆம் வாரம் வரையுள்ள காலத்தில் குட்டியின் மூளை, எது இயல்பு, எது அச்சத்துக்குரியது என்று தரம் பிரித்துக்கொள்கிறது. அப்போது குழந்தைகள், குடை பிடித்தவர், பால்காரர், ஸ்கூட்டர் ஓசை எல்லாவற்றையும் பழகிய நாய், பின்னாளில் உண்மையான அயலானை வேறுபடுத்தி அறியும். "யாரையும் அண்டவிடாமல் வளர்த்தால்தான் ரோஷம் வரும்" என்று சொல்லி இருட்டறையில் கட்டிவைப்பவர்கள் இன்றும் உண்டு. அப்படி வளர்ந்த நாய் அச்சத்தால் கடிக்கும். அச்சம் கொண்ட நாய் திருடனுக்கும் பேரப்பிள்ளைக்கும் வேறுபாடு பார்க்காது. மெய்க்காவல் பயிற்சியில் மிகக் கடினமான பாடமும் 'பிடி' அன்று, 'விடு' என்பதே. அந்தச் சொல்லுக்கு நம்பகமாகப் பணியாத நாயைப் பயிற்சி பெற்ற நாய் என்று விற்பவரிடம் வாங்காதீர்கள்.

நம் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். நாய்க்கு வியர்வைச் சுரப்பிகள் பாதங்களில்தான் சிறிதளவு செயல்படுகின்றன. மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கியே உடலைக் குளிர்விக்க வேண்டும். கடலோர ஊர்களின் ஈரக் காற்றில் இந்த ஆவியாதல் மந்தமாகிறது. 30 கிலோ நாயையும் அதே உடலமைப்புள்ள 60 கிலோ நாயையும் ஒப்பிட்டால், எடை 2 மடங்காகும்போது உடலின் மேற்பரப்பு சுமார் 1.6 மடங்குதான் ஆகிறது. வெப்பத்தை உண்டாக்கும் தசை கூடிய அளவுக்கு அதை வெளியேற்றும் பரப்பு கூடவில்லை. மே மாத நண்பகலில் பெரிய நாயை ஓடவிடுவது அதன் உயிருக்கே ஆபத்து.

பெரிய உடலுக்கு வேறு விலையும் உண்டு. கிரேட் டேன் நாயின் ஆயுள் பெரும்பாலும் 10 ஆண்டைத் தாண்டுவதில்லை. வயிறு காற்றால் உப்பி முறுக்கிக்கொள்ளும் நோய் அதற்கு வந்தால் சில மணி நேரத்தில் அறுவை செய்தாக வேண்டும். டாபர்மன்களிடம் இதயத் தசை தளர்ந்து விரியும் நோய் மிகுதி. சிலவற்றில் திடீர் மரணமே அதன் முதல் அறிகுறி. அல்சேஷனுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு. பெற்றோர் நாய்களின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

இவ்வளவு கேட்ட பின், நம் ராஜபாளையம் போதாதா என்று உங்களுக்குத் தோன்றலாம். வெப்பத்துக்கு ஏற்ற குட்டை மயிர், நீண்ட கால், வீட்டாரிடம் மட்டுமே ஒட்டும் குணம். 2005ஆம் ஆண்டில் அஞ்சல் தலையிலும் இடம் பெற்றது. ஒரு குறையை மட்டும் கவனிக்க வேண்டும். தோலுக்கும் மயிருக்கும் நிறம் தரும் செல்களே உட்செவியில் அயனிகளின் சமநிலையையும் காக்கின்றன. தூய வெள்ளை நாய்கள் சிலவற்றில் இச்செல்கள் செவியை எட்டுவதில்லை. பிறந்த சில வாரங்களில் கேட்கும் நுண்செல்கள் அழிந்துவிடுகின்றன. ஆகவே குட்டி வாங்கும்போது அதைக் கூட்டத்திலிருந்து தனியே பிரித்து, அதன் பின்னால் நின்று ஒலி எழுப்பிப் பாருங்கள். கூட்டத்தில் இருந்தால், கேளாத குட்டியும் மற்றவை திரும்புவதைப் பார்த்துத் திரும்பிவிடும். தரையைத் தட்டவும் கூடாது. அதிர்வைப் பாதத்தால் உணர்ந்துவிடும். ஒரு சாவிக்கொத்தைக் குலுக்கினால் போதும்.