ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (சுருக்கமாக ஏ.ஏ.) என்பது மதுவுக்கு அடிமையானவர்கள் ஒருவருக்கொருவர் துணை நின்று குடியிலிருந்து மீள்வதற்காக நடத்தும் தன்னுதவிக் குழுக்களின் கூட்டமைப்பு ஆகும். பெயர் வெளியிடாத குடிநோயாளிகள் என்பது இப்பெயரின் பொருள். 1935 இல் ஐக்கிய அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்திலுள்ள ஆக்ரன் நகரில் தோன்றிய இவ்வமைப்பு இன்று ஏறத்தாழ 180 நாடுகளில் இயங்குகிறது. தமிழ்நாட்டில் இதன் குழுக்கள் தமிழில் கூட்டங்களை நடத்துகின்றன. இக்குழுக்களை மருத்துவர்களோ ஆலோசகர்களோ நடத்துவதில்லை, உறுப்பினர்களே நடத்துகின்றனர்.

தோற்றம்

நியூயார்க்கில் பங்குச்சந்தைத் தொழில் செய்த பில் வில்சன் 1934 டிசம்பரில் குடியை விட்டவர். 1935 மே மாதம் தொழில் நிமித்தம் ஆக்ரன் சென்றார். அங்கு அவரது முயற்சி தோல்வியுற்றது. தங்கியிருந்த விடுதியின் மதுக்கூடம் அவரை ஈர்த்தது. மீண்டும் குடிக்காமல் இருக்க வேண்டுமானால் இன்னொரு குடிநோயாளியுடன் பேச வேண்டும் என உணர்ந்த அவர், உள்ளூர்த் தேவாலயங்களைச் சேர்ந்தோரைத் தொலைபேசியில் அழைத்து விசாரித்தார். இதன் வழியாகவே பாப் சிமித் என்ற அறுவை மருத்துவரைச் சந்தித்தார். கால் மணி நேரம் மட்டுமே பேச ஒப்புக்கொண்டு வந்த சிமித், பல மணி நேரம் உரையாடினார். வில்சன் அறிவுரை கூறாமல் தன் அனுபவத்தைச் சொன்னதே இதற்குக் காரணம் எனலாம். சிமித் குடியை விட்ட நாளாகக் கருதப்படும் 1935 சூன் 10, அமைப்பின் தொடக்க நாளாகக் கொள்ளப்படுகிறது.

அமைப்பின் பெயரையே தலைப்பாகக் கொண்ட நூல் 1939 இல் வெளிவந்தது. மீட்சிக்கான பன்னிரண்டு படிகள் இதில் இடம்பெற்றன. குடியின் முன் தன் இயலாமையை ஒப்புக்கொள்வது முதற்படி. மீண்டவர் பிற குடிநோயாளிகளுக்கு உதவுவது இறுதிப்படி.

கூட்டங்களின் தன்மை

குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பமே உறுப்பினராவதற்கான ஒரே தகுதியாகும். கட்டணம் கிடையாது. உறுப்பினர்களின் விருப்ப நன்கொடையால் செலவுகள் ஈடுசெய்யப்படுகின்றன. வெளியார் நன்கொடை ஏற்கப்படுவதில்லை. கூட்டங்கள் இரு வகைப்படும்:

- திறந்த கூட்டம்: குடும்பத்தினர், மாணவர்கள் உட்பட யாரும் கலந்துகொள்ளலாம்.
- மூடிய கூட்டம்: குடிப்பழக்கத்தை நிறுத்த விரும்புவோர் மட்டும் கலந்துகொள்ளலாம்.

முதன்முறை வருபவர் பேச வேண்டிய கட்டாயம் இல்லை. முழுப் பெயரைச் சொல்லவும் தேவையில்லை. கூட்டத்தில் கேட்டதையும் கண்டவர்களையும் பற்றி வெளியே பேசலாகாது என்பது பொதுவான மரபு.

உள்ளூர்க் குழுவைக் கண்டறிதல்

பெயரை மறைக்கும் அமைப்பாக இருந்தாலும், கூட்டம் நடக்கும் இடமும் நேரமும் மறைக்கப்படுவதில்லை. தேவாலயம், பள்ளி, மருத்துவமனை போன்ற இடங்களில் கூட்டங்கள் நடப்பது வழக்கம். அவ்விடத்தில் நடப்பதால் குழு அந்த நிறுவனத்தைச் சார்ந்தது என்று பொருளாகாது. குழுவைக் கண்டறியப் பின்வரும் வழிகள் உள்ளன:

- அமைப்பின் வட்டாரச் சேவை அலுவலகங்களைத் தொலைபேசியில் அழைத்தல்.
- மருத்துவமனைகளின் மனநலப் பிரிவுகளிலும் மதுமீட்பு மையங்களிலும் கேட்டல். சாந்தி ரங்கநாதன் 1980 இல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை இத்தகைய மையங்களுள் ஒன்று.
- இந்திய அரசின் போதை மீட்புக்கான கட்டணமில்லா உதவி எண் 14446, மனநல உதவி எண் 14416 ஆகியவற்றை அழைத்தல்.
- அருகில் குழு இல்லாதவர்கள் இணையவழிக் கூட்டங்களில் சேர்தல். 2020 இன் கொரோனா முடக்கத்துக்குப் பின் இவை பரவலாயின.

தெரிந்தவர் யாரேனும் பார்த்துவிடுவாரோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. இதனால் சிலர் பக்கத்து ஊர்க் கூட்டத்தைத் தேர்கின்றனர். குழுவுக்குக் குழு மொழியும் சூழலும் வேறுபடும். எனவே ஒரு கூட்டத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் சில கூட்டங்களுக்குச் சென்று பார்ப்பது பயனளிக்கும்.

மருத்துவ உதவியின் தேவை

குழு மருத்துவத்துக்கு மாற்று அன்று. நீண்ட காலம் நாள்தோறும் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியன தோன்றலாம். சிலருக்கு வலிப்பும், ஓரிரு நாள்களுக்குப் பின் மனக்குழப்பமும், இல்லாதவை தோன்றும் மாயக்காட்சிகளும் ஏற்படும். இந்நிலை உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே அத்தகையோர் மருத்துவர் கண்காணிப்பில் குடியை நிறுத்துவது இன்றியமையாதது.

பயனும் விமர்சனங்களும்

2020 இல் வெளியான காக்ரேன் திறனாய்வு 27 ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியது. இவற்றில் 10,565 பேர் பங்கேற்றிருந்தனர். ஏ.ஏ. கூட்டங்களில் ஈடுபட வைக்கும் முறையான சிகிச்சைத் திட்டங்கள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில் பிற சிகிச்சைகளை விடக் கூடுதல் பலன் தந்ததாக அது கண்டது.

பன்னிரண்டு படிகளில் கடவுள் பற்றிய குறிப்புகள் இருப்பது முதன்மையான விமர்சனமாகும். தாம் புரிந்துகொண்டவாறான கடவுள் என்றே படிகள் கூறுவதால் எந்தச் சமயத்தவரும், சமயமற்றவரும் சேரலாம் என்பது அமைப்பின் விளக்கம். சமயச் சார்பற்ற வழியை நாடுவோருக்காக 1994 இல் ஸ்மார்ட் ரிகவரி என்ற அமைப்பு ஐக்கிய அமெரிக்காவில் நிறுவப்பட்டது.

குடும்பத்தினருக்கான குழுக்கள்

குழுவை முதலில் தேடுபவர் பல வேளைகளில் குடிப்பவரின் மனைவியோ பெற்றோரோ ஆவர். இவர்களுக்கென வில்சனின் மனைவி லோயிஸ் உள்ளிட்டோர் 1951 இல் அல்-அனான் அமைப்பை உருவாக்கினர். பதின்ம வயதினருக்கான அலடீன் 1957 இல் தொடங்கியது. குடிப்பவர் ஏ.ஏ. கூட்டத்துக்கு வர மறுத்தாலும் குடும்பத்தினர் இக்குழுக்களில் சேரலாம் என்பது குறிப்பிடத்தக்கது.