பட்டாளத்துக்கு ஒரு தர்மகுரு

விடியற்காலையில் புதுக்கோட்டை விளையாட்டு மைதானத்துக்குப் போய்ப் பாருங்கள். ஆள்சேர்ப்புக்காக ஓடிப் பழகும் பையன்கள் இருட்டோடு வந்துவிடுகிறார்கள். மனசுக்குத் துணை நிற்கிற வேலை ஒன்றும் பட்டாளத்தில் உண்டு என்பது அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெயர், தர்மகுரு. பண்டிட், மௌல்வி, பாதிரியார், கிரந்தி, புத்த பிக்கு என மதவாரியாக எடுக்கிறார்கள். பட்டப்படிப்போடு அந்தந்த மதக் கல்வியும் வேண்டும். சேரும்போதே நாயிப் சுபேதார். 1,600 மீட்டரை 8 நிமிடத்துக்குள் இவர்களும் ஓடித்தான் ஆக வேண்டும்.

பூசை, தொழுகை, ஜெபத்தோடு வேலை முடியாது. ஆஸ்பத்திரியில் கிடப்பவருக்கு ஆறுதல் சொல்ல வேண்டும். இறுதிச் சடங்கில் நிற்க வேண்டும். தண்டனையில் இருக்கும் சிப்பாயையும் போய்ப் பார்க்க வேண்டும் என்று ராணுவ அறிவிப்பே சொல்கிறது. தப்பு செய்தவனையும் கைவிடாத அந்த ஒரு வரிக்காகவே இந்த வேலையைக் கும்பிடலாம்.

இவர்களுக்குப் பயிற்சி புனேயில், தேசிய ஒருமைப்பாட்டு நிறுவனத்தில். அடுத்த மதத்தின் வழிபாட்டையும் அங்கே கற்க வேண்டும். எல்லாச் சாமியும் ஒரே கூரைக்குக் கீழே இருக்கும் 'சர்வ தர்ம ஸ்தல்' பட்டாளத்தில் சகஜம். திருமயம் பக்கத்துக் காட்டுபாவா பள்ளிவாசலில் இந்துக்களும் நேர்ந்துகொள்வதைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு இது புதுப் பாடமே இல்லை.

இந்தப் பணிக்கு நம் பக்கத்தில் பழைய வேரும் இருக்கிறது. 1762-ல் திருச்சிக்கு வந்த ஜெர்மன் பாதிரியார் சுவார்ட்ஸ், 1764-ல் மதுரை முற்றுகையில் காயம்பட்ட சிப்பாய்களைக் கவனித்தார். அதற்காக நவாப் கொடுத்த 300 வராகனை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்கே கொடுத்துவிட்டார். பிறகு திருச்சிக் கோட்டைப் பட்டாளத்துக்கே பாதிரியாரானார்.

ஒரு குறை மட்டும் மனசை உறுத்துகிறது. பண்டிட் வேலைக்கு சமஸ்கிருதத்தில் ஆச்சார்யா அல்லது சாஸ்திரி படித்திருக்க வேண்டும். தேவாரம் முறையாகக் கற்ற ஓதுவார் பட்டதாரியாகவே இருந்தாலும் அந்தப் படிப்பு கணக்கில் வராது. மெட்ராஸ் ரெஜிமென்டில் எத்தனை தமிழ்ப் பையன்கள்! அடிபட்டுக் கிடக்கும்போது காதில் ஒரு பதிகம் விழுந்தால் அவனுக்கு வீடே பக்கத்தில் வந்த மாதிரி. திருமுறைப் பயிற்சியையும் தகுதியாகச் சேர்க்கச் சொல்லி நம் எம்.பி.க்கள் பாதுகாப்பு அமைச்சகத்தில் கேட்க வேண்டும்.