பட்டியலில் ஏறிய இருளர், பஞ்சாயத்தில் எங்கே?

புதுச்சேரியின் பிள்ளைச்சாவடியைத் தாண்டினால் பொம்மையார்பாளையம். அது விழுப்புரம் மாவட்டம். அங்கே பழங்குடியான இருளர், 2016 வரை இந்தப் பக்கம் வந்தால் பழங்குடி இல்லை. புதுச்சேரிக்கென்று பழங்குடியினர் பட்டியலே அப்போது கிடையாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, இங்கே பழங்குடியினர் ஒருவர்கூட இல்லை என்றது. 2016 இறுதியில் குடியரசுத் தலைவரின் ஆணை வந்த பிறகுதான் வில்லி, வேட்டைக்காரர் உள்ளிட்ட இருளர் பட்டியலில் ஏறினார்கள்.

சாதிச் சான்றிதழுக்கு வழி பிறந்தது. தங்களைத் தாங்களே ஆளும் உரிமை?

அரசியல் சட்டம் அந்த உரிமையை நிலத்தோடு கட்டி வைத்திருக்கிறது. ஆறாவது அட்டவணைப்படி அசாம், மேகாலயா, திரிபுரா, மிசோரம் மாநிலங்களில் தன்னாட்சி மாவட்டக் குழுக்கள் இயங்குகின்றன. நிலம், வாரிசுரிமை, கிராம நீதிமன்றம் பற்றி அவை சட்டமே இயற்றலாம். ஐந்தாவது அட்டவணைப் பகுதிகள் 10 மாநிலங்களில் இருக்கின்றன. பஞ்சாயத்து முறையை அந்தப் பகுதிகளுக்கு நீட்டித்து 1996இல் வந்த ‘பெசா’ சட்டம் அங்குள்ள கிராம சபைகளுக்குப் பலம் சேர்த்தது. ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்று 2013இல் 12 கிராம சபைகளும் ஒரே குரலில் சொன்னதும், திட்டம் நின்றதும் நாடறிந்த செய்தி.

தமிழ்நாட்டில் அட்டவணைப் பகுதி ஒன்றுகூட இல்லை. புதுச்சேரியிலும் இல்லை. இருளர் ஒரே இடத்தில் திரண்டு வாழ்பவர்கள் அல்லர். ஏரிக்கரையில் நாலு குடிசை, வாய்க்கால் ஓரத்தில் ஐந்து குடிசை என்று சிதறிக் கிடப்பவர்கள். பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிப்பார்கள். சிறு நீர்நிலைகளைத் திட்டமிட்டுப் பராமரிக்கும் பொறுப்பைப் பஞ்சாயத்துக்குத் தருகிறது ‘பெசா’. அவர்களுக்கு வேண்டியதே அதுதான். ஆனால் அந்தச் சட்டம் அட்டவணைப் பகுதிக்கு வெளியே செல்லாது. மலையில் வாழ்வோரை மனத்தில் வைத்து எழுதிய சட்டம், சமவெளிப் பழங்குடியைக் கணக்கில் எடுக்கவில்லை. இது பெரும் குறை என்றே நினைக்கிறேன்.

மிச்சம் இருப்பது சாதாரணப் பஞ்சாயத்து. அதில் மக்கள்தொகைக்கேற்ப இடம் ஒதுக்கச் சொல்கிறது அரசியல் சட்டத்தின் 243டி பிரிவு. புதுச்சேரியிலோ பஞ்சாயத்தே நடக்கவில்லை. 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011இல் பதவிக்காலம் முடிந்ததோடு சரி. 2021இல் தேதி அறிவித்தார்கள், வழக்குகளுக்கிடையே பிற்படுத்தப்பட்டோர், பழங்குடியினர் ஒதுக்கீட்டு ஆணை திரும்பப் பெறப்பட்டது, தேர்தலும் நின்றுபோனது.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் இருளர் குடியிருப்புகளைத் தெருத் தெருவாகக் கணக்கெடுத்து, வார்டு பிரிக்கும்போதே அவர்களுக்கு இடம் ஒதுக்க வேண்டும். ஏரி மீன் குத்தகையில் அவர்களுக்கு முதல் பங்கு என்று எழுத, புதுச்சேரி சட்டமன்றம் டெல்லியின் அட்டவணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. 1973ஆம் ஆண்டின் கிராம, கொம்யூன் பஞ்சாயத்துச் சட்டம் அதன் கையில்தானே இருக்கிறது?