பயிலுநர் பயிற்சியும் அரசாங்க உத்தியோகமும்

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும் என்பது ஈழத்தமிழர் வீடுகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் பேச்சு. இதைச் சொல்லிச் சிரிப்பவர்களும், தம் பிள்ளையின் காரியம் என்று வரும்போது சிரிப்பதில்லை. மாதம் முடியத் தவறாது வரும் சம்பளம், கடலையும் மழையையும் நம்பி வாழும் குடும்பத்துக்கு எத்துணைப் பெரிய ஆறுதல் என்பதை நேயர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆசையிலே குற்றமில்லை. ஆயின், அந்த உத்தியோகத்துக்குச் செல்லும் வழி மேசையும் பேனாவும் மட்டுமே என்று எண்ணுவது பொருந்தாது. க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோன பிள்ளைக்கும் ஒரு வழி உண்டு. அதுவே பயிலுநர் பயிற்சி.

திருகோணமலையிலிருந்து வடக்கே கடலோரமாக நிலாவெளி, குச்சவெளி ஆகிய ஊர்களைக் கடந்து சென்றால் புல்மோட்டை வரும். அங்கே கரையோர மணல் கறுத்துக் கிடக்கும். அந்தக் கருமைக்கு முதற் காரணம் இல்மனைட் என்னும் கனியம். அதனோடு ரூட்டைலும் சிர்கோனும் கலந்துள்ளன. இச்செல்வத்தை எடுத்துப் பயன்படுத்த 1957ஆம் ஆண்டில் அரசாங்கம் கனிய மணல் கூட்டுத்தாபனத்தை நிறுவியது. 1992இல் அது அரசுக்குரிய கம்பெனியாக மாற்றப்பட்டது. மணலைப் பிரிக்கும் முறை அழகானது. இல்மனைட்டைக் காந்தம் இழுக்கும். ரூட்டைல் காந்தத்துக்கு இணங்காது, ஆனால் மின்சாரத்தைக் கடத்தும். சிர்கோனோ இரண்டுக்கும் இணங்குவதில்லை. ஆகவே மணலை நீரிற் கழுவி, உலர்த்தி, காந்தப் பொறியிலும் உயர் மின்னழுத்தப் பொறியிலும் மாறி மாறிச் செலுத்தினால் மூன்றும் தனித்தனியே வந்து விழும். இப்பொறிகள் தாமாக ஓடுவதில்லை. பொருத்துநரும் மின்வினைஞரும் வெல்டிங் செய்வோரும் இல்லாவிடில் எல்லாம் நின்றுவிடும். உப்புக் காற்று இரும்பைத் தின்னும் ஊரில் அவர்களுக்கு வேலை குறையவும் மாட்டாது.

இத்தகைய கைவினைஞரை அரசாங்கம் எங்கிருந்து பெறுவது? முன்னாளில் ஒவ்வொரு திணைக்களமும் தனக்கு வேண்டியவர்களைத் தானே பழக்கிக் கொண்டது. இரத்மலானைப் புகையிரதப் பட்டறைகளில் அவ்வாறு பழகி உயர்ந்தவர் பலர். 1958இல் பேருந்துகள் நாட்டுடைமையாக்கப்பட்டு இலங்கைப் போக்குவரத்துச் சபை தோன்றியபோது, அவற்றைப் பழுதுபார்க்கப் போதிய வினைஞர் வேண்டியிருந்தனர். அத்தேவைக்காக மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கப்பட்ட பயிற்சி நிலையமே இன்று மொறட்டுவையில் இலங்கை ஜெர்மன் தொழில்நுட்பப் பயிற்சி நிறுவனமாக விளங்குகிறது. பின்னர் 1971ஆம் ஆண்டின் 49ஆம் இலக்கச் சட்டம் தேசிய பயிலுநர் சபைக்கு வழிசெய்தது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அது தேசிய பயிலுநர் மற்றும் கைத்தொழிற் பயிற்சி அதிகாரசபையாயிற்று. ‘நைட்டா’ என்று மக்கள் சுருக்கமாகச் சொல்வது இதனையே.

பயிலுநர் ஒருவர் வகுப்பறையில் மட்டும் அமர்ந்து கற்பவரல்லர். வேலைத்தலத்திலே தேர்ந்த வினைஞரின் பக்கத்தில் நின்று கற்பவர். பயிற்சிக்கு ஒப்பந்தம் உண்டு. கைக்குச் சிறு கொடுப்பனவும் கிடைக்கலாம்; ஆனால் அது சம்பளமன்று. முடிவிலே திறன் மதிப்பிடப்பட்டு, தேசிய தொழிற் தகைமை என்னும் சான்றிதழ் வழங்கப்படுகிறது. இத்தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. நான்கு வரை கைவினைஞருக்குரியவை. ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாவது பட்டத்துக்கு ஒப்பானது.

இங்கேதான் பெற்றோர் பலர் தடுமாறுகின்றனர். பயிற்சி முடிந்தால் அந்த இடத்திலேயே நியமனம் நிச்சயம் என்று நம்புவோர் உண்டு. நியமனம் இல்லையெனில் பயிற்சி வீண் என்று பிள்ளையை மறித்துவிடுவோரும் உண்டு. இரண்டும் பிழை. பயிற்சி பதவியைத் தருவதில்லை. பதவிக்கு விண்ணப்பிக்கும் தகுதியைத் தருகிறது. இந்தியாவிலும் 1961ஆம் ஆண்டின் பயிலுநர் சட்டம், பழக்கியவரை வேலைக்கு எடுத்தே தீரவேண்டும் என்று முதலாளியைக் கட்டாயப்படுத்தவில்லை. எனினும் அந்நாட்டு இரயில்வே தன் பட்டறைகளிற் பழகியவர்களுக்கு முதல் நிலைப் பணிகளில் 20 சதவீதத்தை ஒதுக்குகிறது. அவர்களும் பரீட்சை எழுதியே உட்செல்ல வேண்டும். இங்கிலாந்தோ 2017இல் வேறு விதமாகச் சென்றது. பெரிய பொதுத்துறை நிறுவனங்கள் தம் ஊழியர் தொகையில் ஆண்டுதோறும் 2.3 சதவீத அளவுக்குப் பயிலுநரைச் சேர்க்க முயல வேண்டும் என்று இலக்கு வகுத்தது.

இலங்கையில் 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்கப் பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச பதவிகளை மட்டம் பிரித்துச் சம்பளம் வகுத்தது. திறன் வேண்டும் பதவிகளுக்கான ஆட்சேர்ப்பு விதிகளில் தொழிற் தகைமை மட்டம் இன்று இடம்பெறுகிறது. எந்தப் பதவிக்கு எந்த மட்டம், வயதெல்லை எவ்வளவு என்பவற்றை விளம்பரத்திலே பார்த்துக்கொள்ள வேண்டும். அண்டை வீட்டார் சொன்னதைக் கேட்டு விண்ணப்பித்து, சான்றிதழ் ஒரு மட்டம் குறைவாக இருந்ததால் இழந்தபின் வருந்திப் பயனில்லை. திணைக்களத்து நியமனமும் அரச கம்பெனி நியமனமும் ஒன்றல்ல என்பதையும் மறக்கலாகாது. பின்னதில் ஓய்வூதியத்துக்குப் பதிலாகப் பொதுவாக ஊழியர் சேமலாப நிதியே உண்டு.

ஒப்பந்தமும் பதிவுமின்றிப் பட்டறையொன்றில் ஐந்தாண்டு உழைத்த பிள்ளையின் நிலைதான் இரங்கத்தக்கது. கை நன்றாகப் பழகியிருக்கும்; காகிதம் ஒன்றும் இராது. நேர்முகத் தேர்வுக் குழுவின் முன் கை பேசாது, காகிதமே பேசும். ஆகையால் பயிற்சியிற் சேரும் நாளிலேயே ஒப்பந்தத்தின் பிரதியைக் கேட்டு வாங்குதல் நன்று. செய்த வேலையைப் பயிற்சிக் குறிப்பேட்டில் அன்றன்றே எழுதி, மேற்பார்வையாளரின் கையொப்பம் பெறுவதும் அவசியம். மாதக் கடைசியில் ஒரேயடியாக எழுதும் பழக்கம் பல பிள்ளைகளிடம் இருக்கிறது. அதில் நம்பகம் குறையும்.

ஏற்கெனவே காலம் கடந்துவிட்டவர்களுக்கும் கதவு சாத்தப்படவில்லை. புல்மோட்டைக் கடற்கரையில் வள்ளத்து இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் இளைஞர், பாடசாலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆகியிருக்கலாம். முன்கற்றலை அங்கீகரிக்கும் முறையின்கீழ் அவர் தம் அனுபவத்துக்கான ஆதாரங்களைத் திரட்டி விண்ணப்பிக்கலாம். பழுதுபார்த்த வேலைகளின் படங்கள், பற்றுச்சீட்டுகள், வேலை கொடுத்தவர்களின் கடிதங்கள் ஆகியன அதற்கு உதவும். பின்னர் மதிப்பீட்டாளர் முன்னிலையில் இயந்திரத்தைக் கழற்றிப் பூட்டிக் காட்ட வேண்டும். தேறினால், பயிற்சி நிலையத்திற் கற்றவருக்குக் கிடைக்கும் அதே தகைமைச் சான்றிதழே அவருக்கும் கிடைக்கும்.