படப்புத்தகத்தில் நம் தெரு எங்கே?

எழுத்து தெரியாத குழந்தை முதலில் படிப்பது படத்தைத்தான். விரலை வைத்து, 'இது யார்? இது என்ன?' என்று கேட்கும். பக்கத்துக்குப் பக்கம் சுற்றுச்சுவர் வைத்த வீடும், நாற்காலியில் செய்தித்தாள் வாசிக்கும் அப்பாவுமே வந்தால், காலனிக் குழந்தை தன் வீட்டை எங்கே தேடும்? நடவுக்குப் போகும் அம்மாவும் பறையடிக்கும் தாத்தாவும் புத்தகத்தில் வரக் கூடாதவர்கள் என்ற எண்ணம், யாரும் சொல்லாமலே மனதில் பதிந்துவிடும்.

இந்தக் குறையைப் போக்க முயன்ற புத்தகங்கள் உண்டு. ஐதராபாத்தின் அன்வேஷி பெண்கள் ஆய்வு மையம் 2008-ல் தெலுங்கு, மலையாளம், ஆங்கிலத்தில் ஒரு கதை வரிசையைக் கொண்டுவந்தது. தலித், இஸ்லாமியக் குழந்தைகளின் வாழ்க்கையே அதில் கதை. வீட்டில் தலைக்கறி சமைப்பதுகூட அங்கே ஒரு கதையானது.

தொழிலுக்குள் அறிவு

காஞ்சா அய்லய்யா சிறுவர்களுக்காக ஆங்கிலத்தில் எழுதி, நவயானா 2007-ல் வெளியிட்ட நூல் உழைப்பின் மதிப்பைப் பேசுகிறது. படங்கள் துர்காபாய் வியாம். குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், தோல் தொழிலாளர் எல்லோரும் அதில் அறிவாளிகளாக வருகிறார்கள். நம் ஊர்த் தோல் பதனிடும் தொழிலையே பாருங்கள். பச்சைத் தோல் சில நாளில் அழுகிவிடும். சுண்ணாம்பில் ஊறவைத்து முடியை நீக்கி, ஆவாரம்பட்டைச் சாற்றில் பதப்படுத்தினால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும். இது வேதியியல். இதைச் செய்தவர்களுக்குத்தான் பள்ளிக்கூடம் மறுக்கப்பட்டது.

சொல்லுக்குத் தேள் கொடுக்கு

துர்காபாயும் அவர் கணவர் சுபாஷ் வியாமும் பர்தான் கோண்டு பழங்குடி ஓவியர்கள். 2011-ல் வந்த 'பீமாயணா'வில் அம்பேத்கரின் வாழ்க்கையைச் சித்திரமாக்கினார்கள். மனிதர்களைக் கட்டங்களுக்குள் அடைக்க அவர்கள் சம்மதிக்கவில்லை. அன்பான பேச்சைப் பறவை வடிவிலும், தீண்டாமைப் பேச்சைத் தேள் கொடுக்கோடும் வரைந்தார்கள். சாதிச்சொல் எப்படிக் கொட்டும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை. அது கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு, 'ஏன்?' என்று கேட்கும் சிறுவனாக பீமாராவைக் காட்டும் படப்புத்தகத்தைச் சென்னை தூலிகா பதிப்பகம் 2015-ல் வெளியிட்டது.

பிஞ்சு மனதில் இது எதற்கு?

சிலர் இப்படிக் கேட்கிறார்கள். சாக்கு விரித்துத் தனியே உட்கார்ந்தபோதும், பியூன் வந்து ஊற்றாததால் தாகத்தோடு வீடு திரும்பியபோதும் பீமாராவும் பிஞ்சுதான். நம் பிள்ளையும் விலக்கலை எங்கோ ஒரு கடையிலோ குழாயடியிலோ பார்த்துவிடுகிறது. நாம் பேசாமல் இருந்தால், குறை தன்னிடம்தான் என்று நினைத்துக்கொள்ளும். தப்பு உன் மேல் இல்லை என்று சொல்லும் புத்தகம் அதன் கைக்குச் சீக்கிரம் வர வேண்டும். ஊர்த்தெருப் பிள்ளையும் அதே புத்தகத்தைப் படிக்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

ஊர்ப்புற நூலகத்தில் இத்தகைய நூல்களைக் கேட்டு எழுதுவோம். பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் இலவசமாகவே கிடைக்கின்றன, கைப்பேசி போதும். கல்லூரி படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் மாலையில் அரை மணி நேரம் தெருப் பிள்ளைகளைக் கூட்டி வாசித்துக் காட்டலாம். வாசித்து முடித்ததும் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்து, 'உன் தெருவை வரை' என்று சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாத வீடும் அம்மாவும் தாத்தாவும் அந்தத் தாளில் வருவார்கள்.