விலங்குப் படியாக்கமும் பண்ட உற்பத்தியும்

இறந்த வளர்ப்புப் பிராணியின் கலங்களிலிருந்து அதனையே ஒத்த இன்னொன்றை ஆக்கித்தரும் வணிகம் இன்று ஐக்கிய அமெரிக்காவில் நடைபெறுகின்றது. நாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 50,000 டொலர் அறவிடப்படுகின்றது. இதனை விஞ்ஞான விந்தையாக மட்டும் நோக்குதல் போதாது. அவ்விலை எதற்காகக் கொடுக்கப்படுகின்றது என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.

குளோனிங் என வழங்கும் இம்முறையில், வளர்ந்த விலங்கொன்றின் உடற்கலத்துக் கரு, தன் கரு அகற்றப்பட்ட முட்டைக்கலத்தினுட் சேர்க்கப்படுகின்றது. அதிலிருந்து உருவாகும் முளையம் வாடகைத் தாயின் கருப்பையில் வைக்கப்படுகின்றது. 1996 இல் ஸ்கொத்லாந்தின் றொஸ்லின் நிறுவகத்தில் டொலி என்னும் செம்மறியாடு இவ்வாறே பிறந்தது. 277 முயற்சிகளில் விளைந்தது அவ்வொன்றே. 2005 இல் தென்கொரியாவில் ஸ்னப்பி என்னும் நாயைப் பெறுதற்கு 123 பெட்டை நாய்கள் வாடகைத் தாய்களாக்கப்பட்டன. பண்டத்தின் பளபளப்பில் அதனை ஆக்கிய உழைப்பு மறைந்துபோவதை மார்க்ஸ் எடுத்துக்காட்டினார். இங்கு உழைப்போடு இவ்வுடல்களும் மறைகின்றன.

விற்கப்படும் 'அதே' உயிர் உண்மையில் அதுவன்று. 2001 இல் டெக்சாசிற் பிறந்த சீசீ என்னும் பூனையின் மூலம் மூவண்ணப் பூனையாகும். சீசீயிடமோ செம்மஞ்சள் நிறம் இல்லை. பெண் பூனையின் ஒவ்வொரு கலத்திலும் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுள் ஒன்று ஒடுங்கிவிடும். படியெடுத்த கலத்தில் ஒடுங்கியிருந்தது செம்மஞ்சளுக்குரியது. தோல் நிறமே இவ்வாறாயின், கூடிவாழ்ந்த ஆண்டுகள் உருவாக்கிய இயல்பைப் பற்றிக் கூறவேண்டியதில்லை. இழக்கப்பட்டது ஓர் உறவு. விற்கப்படுவதோ ஓர் உடல். துயரத்தின் உண்மையை நாம் மறுக்கவில்லை. அத்துயரமும் சந்தையாக்கப்படுவதையே சுட்டுகின்றோம்.

பண்ணையிலே நிலைமை வேறு. அங்கு வேண்டப்படுவது ஒருசீர்மை. படியாக்கப்பட்ட மாடு, பன்றி, ஆடு ஆகியவற்றின் உணவு ஏனையவற்றினதைப் போன்றே பாதுகாப்பானது என 2008 இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அறிவித்தது. ஐரோப்பியப் பாராளுமன்றம் 2015 இல் பண்ணை விலங்குப் படியாக்கத் தடைக்கு ஆதரவாக வாக்களித்தது. உண்பவரின் பாதுகாப்பு முக்கியமானதே. ஆயினும், சிறந்த இனவிருத்தி விலங்குகள் யார் கையிற் குவிகின்றன, ஒரே மரபுடைய மந்தையை ஒரு நோய் தாக்கின் நட்டம் யாரைச் சாரும் என்னும் வினாக்கள் அவ்வறிவிப்பினால் தீர்வன அல்ல.

எனினும் நாம் விஞ்ஞானத்தின் எதிரிகளல்லர். வட அமெரிக்காவின் கருங்கால் பெரெற் என்னும் சிறுவிலங்கினம், ஏழு விலங்குகளின் வழித்தோன்றல்களாகச் சுருங்கிப்போயிருந்தது. 1988 இல் உறையவைத்த, சந்ததியற்றுப்போன ஒன்றின் கலங்களிலிருந்து 2020 இல் ஒரு குட்டி பிறப்பிக்கப்பட்டது. அற்றுப்போன மரபு மீண்டது. பண்ணையில் பன்மையைக் குறுக்கக்கூடிய அதே நுட்பம் இங்கு பன்மையைப் பெருக்குகின்றது. வேறுபாடு நுட்பத்தில் இல்லை; அதனை ஏவும் நோக்கத்திலும், அந்நோக்கத்தைத் தீர்மானிக்கும் உடைமை உறவுகளிலுமே உளது.