அம்பாசிடரா? பியட்டா?

இப்போது சாலையில் அபூர்வமாகிவிட்ட இரண்டு கார்களை ஒப்பிட்டு எழுதுகிறேன். புத்தூரில் எங்க மாமா மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். அங்கே கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டது இது.

பிறப்பு: ரெண்டுமே 1950களில் ஐரோப்பாவில் பிறந்தவை. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு கார்தான் இங்கே அம்பாசிடர் ஆனது. மேற்கு வங்காளத்தில் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் அதை 2014 வரை தயாரித்தது. பியட் 1100 இத்தாலியில் 1953-ல் வந்தது. மும்பை குர்லாவில் பிரீமியர் கம்பெனி அதைத் தயாரித்தது. 1970களில் 'பிரீமியர் பத்மினி' என்று பெயர் மாறியது. மும்பையின் கறுப்பு மஞ்சள் டாக்சியாக 2023 அக்டோபர் வரை ஓடியது.

எஞ்சின்: அம்பாசிடர் 1489 சி.சி., பியட் 1089 சி.சி. பியட்டின் எடை சுமார் 900 கிலோ. அம்பாசிடர் அதைவிட 200 கிலோவுக்கு மேல் கூடுதல். லேசான வண்டி என்பதால் பியட் சுலபமாகத் திரும்பும். சென்னை அருகே சோழவரத்தில் பந்தயம் நடந்த காலத்தில் பியட்டும் ஓடியது!

ஒற்றுமை: ரெண்டிலும் எஞ்சின் முன்னால், ஓடவைப்பதோ பின் சக்கரங்களை. அதற்காக ஒரு நீள ஷாஃப்ட் காருக்கு அடியில் போகிறது. பின்சீட்டில் நடுவில் உட்காருபவரின் காலடியில் ஒரு மேடு இருக்குமே, அது இதனால்தான். கியர் கம்பியும் ரெண்டிலும் ஸ்டீயரிங் பக்கத்திலேயே இருந்தது.

ஏன் இத்தனை வருஷம் ஓடின? வெளிநாட்டுக் கார் இறக்குமதிக்கு அரசு கட்டுப்பாடு வைத்திருந்தது. புக் பண்ணிட்டு வருஷக்கணக்கா காத்திருக்கணும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகுதான் நிலைமை மாறியது.

எது உசத்தி? சமயபுரத்துக்குக் குடும்பத்தோடு மூட்டை முடிச்சோடு போக அம்பாசிடர். உறையூர் சந்துக்குள் போக பியட். ஆனால் ஏர்பேக் இல்லாத காலத்து டிசைன் என்பதால், பாதுகாப்பில் இன்றைய கார்தான் மேல்.

ரெண்டுக்கும் பெரிய சிறப்பு ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் வேண்டாம். பாயிண்ட்டை எமரித் தாளால் தேய்த்து, கார்புரேட்டரைக் கழுவி மாட்டினால் பல நேரம் வண்டி கிளம்பிவிடும். கார்புரேட்டரை நானே கழற்றி மாட்டியிருக்கிறேன். "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கு?" என்று ஷெட்டுக்கு வருபவர்கள் கேட்கிறார்கள். நட்டு போல்ட்டுக்கு ஆண் பெண் தெரியுமா? பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் மோட்டார் மெக்கானிக் படிப்பதாக இருக்கிறேன். தோழிகளே, நீங்களும் யோசியுங்கள்!



– 9-ஆம் வகுப்பு மாணவி